நாலாவது ஆள்

எங்கள் வீட்டு ஆல்பத்தை முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஏற்காட்டு ஏரிக்கரைப் படத்தில் என் மாமியார், என் நாத்தனார், நான், எங்கள் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். நாமக்கல் கோட்டைக்குக் கீழே எடுத்ததில் நாங்கள் மூவர், கூட ஒரு சோடாக்காரர். கொல்லிமலை அடிவாரத்தில் நாங்கள் மூவர், தலையில் பலாப்பழத்தோடு ஒருவர். "இவிங்க ஆருங்க, உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் வழியோடு போனவர்கள். என் மாமியார் கூப்பிட்டுக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள்.

காரணம் ஒன்றுதான். மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் ஆகாது. மூவரில் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்பார்கள். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாததால் மூன்று பேருக்குமே பயம். சரி, இரண்டு இரண்டு பேராக எடுத்துக்கொள்ளலாமே என்றால், மாமியாரை விட்டுவிட்டு எடுக்கிற தைரியம் யாருக்கு உண்டு? நாத்தனாரை விட்டால் அவள் அன்றைக்குச் சோறு தின்ன மாட்டாள். என்னை விட்டால் நான் மட்டும் சும்மா இருந்துவிடுவேனா?

படம் எடுக்கிறவர் என் வீட்டுக்காரர். பரமத்தி வேலூரில் எங்களுக்கு வெற்றிலை மண்டி. பம்பாய்க்கு வெற்றிலை போகும். அங்கே கொள்முதல் செய்கிற சேட்டு ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து, என் மாமியார் கையால் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார். போனவர் அடுத்த மாதமே ஒரு பெட்டி கேமராவை அனுப்பிவைத்தார். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு மண்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மற்றவர்கள் ஊர் பார்க்கப் போய்ப் படம் எடுப்பார்கள். நாங்கள் படம் எடுக்கத்தான் ஊருக்கே போனோம்.

"நீயும் வந்து எங்களோட நின்னுக்க கண்ணு. வேற ஆரையாச்சும் அமுக்கச் சொன்னா நாலாயிருமே" என்று என் மாமியார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கேமராவை அந்நியர் கையில் கொடுப்பதா? என் வீட்டுக்காரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து நாங்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். அதனால் ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அவர் இருக்க மாட்டார். போலீஸ்காரர் இருக்கிறார்.

நாலாவது ஆளைத் தேடிப் பிடிப்பது மாமியார் வேலை. சேலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் அப்படித்தான் ஓர் அம்மாளைப் பிடித்தார். முக்காடு போட்டு, கையில் ஜெபமாலையோடு பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தவர். "மூணு பேரு ஆகாதுங்க. கொஞ்சம் தயவு பண்ணி நில்லுங்க" என்றார் மாமியார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எங்களுக்கு மூணுதாங்க ஆகிவந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு அந்த மூணு பேரைச் சொல்லித்தான் நாங்க சிலுவையே போடுறோம்" என்றார். என் மாமியார் விடுவாரா? "அப்பச் சரி. உங்களுக்கு ஆகறது, எங்களுக்கு ஆகறது ரெண்டையும் சேர்த்து நின்னுக்கலாம், வாங்க" என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். படத்தில் நன்றாக விழுந்திருப்பது அந்த அம்மாள் ஒருவர்தான். நாங்கள் மூவரும் சிரிப்பை அடக்கப் போய்த் தும்மப் போகிறவர்களைப் போல இருக்கிறோம். இன்னொரு தடவை ஆளே கிடைக்காத ஒரு பொட்டல் வெளியில் அங்கே நின்ற கழுதையை நாலாவது என்று கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று தாய்க்கும் மகனுக்கும் அரை மணி நேரம் வாதம். கழுதை கேட்டுக்கொண்டே நின்றது. கடைசியில் அதுவும் போய்விட்டது.

வந்து நின்றவர்களுக்கு மாமியார் வெறுங்கையோடு நன்றி சொல்ல மாட்டார். எங்கே போனாலும் ஒரு கவுளி வெற்றிலை, நூறு இலை, ஈரத்துணியில் சுற்றி மடியில் இருக்கும். அதில் கொஞ்சம் பிரித்துக் கொட்டைப்பாக்கோடு கொடுப்பார். என் வீட்டுக்காரர் வெயிலைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, எங்களை ஓரடி அப்படி ஓரடி இப்படி நகர்த்தி, கடைசியில் விசையை அமுக்குவதற்குள் ஒரு நாழிகை ஆகிவிடும். அந்த ஒரு நாழிகையில் மாமியார் நாலாவது ஆளின் ஊர், உறவு, பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார். பதிலுக்கு நம் சமாசாரத்தையும் சொல்லாமல் விட மாட்டார். ஏற்காட்டுப் போலீஸ்காரருக்கு எனக்குப் பிரசவம் எந்த மாதம் என்பது வரைக்கும் தெரியும்.

இனி, நான் அக்காள் என்று கூப்பிடுகிற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீதியில் நாலு வீடு தள்ளி இருந்தாள். சொந்தமாக வெற்றிலைக் கொடிக்கால். அவர்கள் தோட்டத்து வெற்றிலை எங்கள் மண்டிக்குத்தான் வரும். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்போதே இடுப்பில் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அவள் வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் அவனையும் சேர்த்து வளர்த்தார். அந்தத் தம்பிதான் அவர்களுக்குப் பிறந்த பெண்ணைத் தோளைவிட்டு இறக்காமல் தூக்கித் திரிந்தவன். பத்தொன்பது வயதில் ஒருநாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. ஏழு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அந்த வீதிக்குக் குடிவந்தது அவன் போன பிறகுதான், எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

மச்சான் திட்டினார், கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் ஊரில் பேச்சு. அந்த மனிதரும் இல்லை என்று மறுத்துச் சொன்னதில்லை. நடந்தது என்ன என்று ஒருநாள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அக்காள் என்னிடம் மட்டும் சொன்னாள். அன்றைக்கு வாய்க்காலில் அவர்கள் தண்ணீர் முறை. கொடிக்காலுக்கு மடையைத் திறந்துவிட்டவன் அடைக்காமல் சேவல்கட்டு பார்க்கப் போய்விட்டான். வெற்றிலைக்கொடியின் காலில் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் அழுகிவிடும். ஒரு பக்கத்துக் கொடி முழுக்கப் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்ததும், அக்காள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "என் ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு எங் கொடியவே அழிக்கறயா" என்று கேட்டுவிட்டாள்.

"அடி மறந்துரும். அந்தச் சொல்லு மறக்குமா அம்முணி?" என்றாள் என்னிடம். "அவனுக்குன்னு வேற ஊடு ஏது? நாந்தான அவனத் தூக்கிட்டு வந்தேன்." சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அதுதான் அவள் நிலைமை. வெற்றிலையைத் தப்பும் தவறுமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அக்காளின் பெண்ணுக்குக் கல்யாணம். திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல இடம். எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் ஒரு பெண்ணின் கல்யாணம் நடப்பது லேசில்லை. மாமன் எடுத்துவந்த சேலையைக் கட்டிக்கொண்டு, மாமன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வர வேண்டும். தாய்க்கு உடன்பிறந்தவன் இல்லாவிட்டால் அவள் பங்காளி வகையில் ஒருவரை மாமன் முறைக்கு நிறுத்திக்கொள்ளலாம், வழக்கம் உண்டு. அக்காள் அதற்கு ஒப்பவில்லை. "எந் தம்பி உசுரோட இருக்கறான். அவனுக்கு மாத்து ஆளு எதுக்கு?" என்று இரண்டு முறை முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஆவணி கடைசி முகூர்த்தம், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் தம்பி வர வேண்டும். எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவன் எப்படி வருவான்?

அந்த ஆடிக் கடைசியில் நாங்கள் மேட்டூர் போனோம். அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் இருக்கும். ஊரில் பாதிப்பேர் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல் பஸ், அங்கிருந்து சேலம், அங்கிருந்து மேட்டூர் என்று இடுப்பு ஒடியப் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு தண்ணீரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்மூருத் தண்ணியெல்லாம் இங்க புடிச்சு வெச்சுக்கிட்டுத்தான் நமக்கு முறை போட்டு உடறாங்களாக்கும்" என்றார். அங்கே காவலுக்கு நின்றவர் கேட்டுச் சிரித்தார்.

அணைக்குக் கீழே பூங்கா. சுருளில் எட்டுப் படம். ஏழு முடிந்து ஒன்று பாக்கி. பின்னால் அணை தெரிகிற மாதிரி ஓர் இடத்தை என் வீட்டுக்காரர் பிடித்தார். நாலாவது ஆள் வேண்டும். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் ரப்பர்க் குழாயைப் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். மாமியார் கூப்பிட்டார்.

"வேலை கெடக்குதுங்கம்மா" என்றான் அவன்.

"தண்ணி எங்க சாமி ஓடிப்போகுது? அத்தனையும் கட்டித்தான வெச்சிருக்கறாங்க. வா, வந்து இப்பிடி நில்லு" என்று வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

அவன் வாங்கி, புரட்டிப் பார்த்து, காம்பைக் கிள்ளி, "வேலூருங்களா?" என்று கேட்டான். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. வெற்றிலை போடுகிற எவனுக்கும் எங்கள் ஊர் இலை தெரியும். வந்து மாமியார் பக்கத்தில் நின்றான். மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி மாமியார் ஆரம்பித்துவிட்டார். ஆறு, வாய்க்கால், கொடிக்கால், வீதி என்று என்னென்னவோ காதில் விழுந்தது. எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. தாடையைத் தூக்கு, தூக்காதே, முந்தானையை இழு என்று என் வீட்டுக்காரர் என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விசையை அமுக்கினார். அடுத்த நிமிஷமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தாளு திரும்பிட்டான். கடைசிப் படம் போச்சு" என்றார்.

அந்த ஆள் வெற்றிலையை வாயில் போடாமல் இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு, குழாயைத் தூக்கிக்கொண்டு போனான். எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சுருளைச் சேலத்துக் கடையில் கழுவக் கொடுத்துவிட்டு வருவோம். படம் கைக்கு வரப் பதினைந்து இருபது நாள் ஆகும். வந்துவிட்டால் எங்கள் வீட்டில் திருவிழாதான். வேலூரில் எல்லார் விரலிலும் சுண்ணாம்பு இருக்கும். முதல் சுருள் படங்கள் முழுக்க வெள்ளை ரேகை விழுந்து பாழானது. அதனால் கை கழுவாமல் படத்தைத் தொடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சட்டம் போட்டிருந்தார். வருகிறவர்கள் செம்பில் தண்ணீர் வாங்கிக் கை கழுவி, துண்டில் துடைத்து, பாயில் வரிசையாக உட்காருவார்கள். ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் முன்னால் தண்ணீர் தெளித்து இலைக்குக் காத்திருந்தார். இலை வரவில்லை, ஏற்காடு வந்தது. இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தனியாகச் சிரிப்பு வருகிறது.

அக்காள் மட்டும் படம் பார்க்க வருவதில்லை. கல்யாண வேலை, கொடிக்கால் வேலை என்பாள். மனம் இல்லை என்பதுதான் உண்மை. மேட்டூர்ப் படங்கள் வந்த மறுநாள் காலையில் வெற்றிலைக் கூடையோடு வந்தவளை நான் விடவில்லை. "கையக் கழுவீட்டு உக்காருக்கா. அணையப் பாரு, கடலாட்ட இருக்குது" என்று கட்டாயப்படுத்தி உட்காரவைத்தேன். ஏழு படத்தையும் 'ம், ம்' என்று தள்ளினாள். எட்டாவது படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இது ஆரு?" என்றாள்.

எல்லாரும் கேட்கிற கேள்விதானே என்று, "நாலாவது ஆளு" என்றேன்.

"காலப் பாரு அம்முணி."

பார்த்தேன். அந்த ஆள் வலது பாதத்தை இடது பாதத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "நிக்கச் சொன்னா இப்பிடித்தான் நிப்பான். காலூனி நிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து எத்தன தடவ தட்டி இறக்கியிருப்பேன்" என்றாள். அவள் தம்பி என்று கத்திக்கொண்டே நான் வாசலுக்கு ஓடினேன்.

கால் மணி நேரத்தில் வீதியே எங்கள் வீட்டில். யாரும் கை கழுவவில்லை. பெட்டி கேமராப் படத்தில் ஒரு முகம் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதிலும் அவன் பக்கவாட்டில் திரும்பியிருந்தான். மீசை வேறு, தலைப்பாகை வேறு. அவன்தான் என்றார்கள் சிலர், இல்லை என்றார்கள் சிலர். என் வீட்டுக்காரர் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் ஓடிப்போய் உருப்பெருக்கும் கண்ணாடியை வாங்கிவந்தார். அதில் பார்த்தால் பருப்பு மொச்சையாயிற்று, முகமாகவில்லை. அக்காளின் வீட்டுக்காரர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அவளுக்குத் தெரியுதுன்னா அவனாத்தான் இருக்கும்" என்றார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மாவா?

அப்போதுதான் என் மாமியார் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். முகம் செத்துவிட்டது.

"நா அவங்கிட்டச் சொல்லிப்போட்டனே" என்றார்.

"என்னத்தச் சொன்னீங்க அத்தை?"

"எல்லாத்தயுந்தான். எங்க வீதியில ஒரு பொம்பள, தம்பிக்காரன் மச்சாங்கூடச் சண்ட போட்டுட்டு ஓடிப்போயிட்டான், அவன் வராம மகளக் கட்டிக் குடுக்க மாட்டேன்னு ரெண்டு முகூர்த்தத்தத் தள்ளிட்டா, இந்த ஆவணிக் கடைசி முகூர்த்தமும் அவன் இல்லாம போயிருமோன்னு அழுதுட்டுக் கெடக்கறாள்னு. அப்பத்தான் அவன் என்னயத் திரும்பிப் பாத்தான்."

அந்தத் திரும்பல்தான் படத்தில் விழுந்திருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. கையில் வெற்றிலையும் கொடுத்து, வீட்டுச் சேதியும் சொல்லி, பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துவிட்டு, டாட்டா காட்டி வந்திருக்கிறோம்.

"கேட்டுட்டு என்னங்க சொன்னான்?" என்றாள் அக்காள்.

"கல்யாணம் என்னிக்குங்கன்னு மட்டும் கேட்டான்."

அக்காள் அழுதுகொண்டே சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சேதி தெரிந்து இருபது நாள் ஆகிவிட்டதே. தெரிந்தும் வரவில்லையே. முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. "அந்தச் சொல்ல அவன் மறக்கல அம்முணி" என்று என் காதோடு சொன்னாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். அக்காள், என் மாமியார், நான், என் வீட்டுக்காரர். அவள் வீட்டுக்காரருக்கு அன்று தண்ணீர் முறை. "நான் போயி நின்னா ஊர் பேசுனதையே அவனும் நெனச்சுக்குவான். நீ போயிக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கேமராவை எடுத்துவரவில்லை. எல்லா ஊரையும் படம் பிடித்த எங்களிடம் அந்த ஒருநாளுக்கு மட்டும் படம் கிடையாது.

சேலம் தாண்டியதும் பஸ்ஸில் வைத்து அக்காள் என் மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அடித்தது தான்தான், சொன்னது தான்தான், ஏழு வருஷமாகப் புருஷன் மேல் பழி விழுவதைப் பார்த்து வாய்மூடி இருந்ததும் தான்தான் என்று. மாமியார் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடிக்காத அக்கா எந்த ஊர்ல இருக்கறா? நீ அக்காளாவா இருந்த, ஆத்தாளா இருந்த. அவனுக்குத் தெரியாதா அது? ஆனா அந்த மனுசன் மேல பழிய விழ உட்டது தப்புத்தான். ஊட்டுக்குப் போனதும் அவருக்கு ஒரு வாரம் நாட்டுக்கோழி அடிச்சுப் போடு" என்றார். அக்காள் அன்றைக்கு முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டாள்.

மேட்டூர்ப் பூங்காவில் வேறொரு ஆள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அக்காள் கால் அங்கேயே நின்றுவிட்டது. மேஸ்திரியைத் தேடிப் பிடித்து என் வீட்டுக்காரர் படத்தைக் காட்டினார்.

"அட, நம்ம வேலூர்த் தம்பி" என்றார் மேஸ்திரி. "காலையிலதாங்க கெளம்பிப் போச்சு. அக்கா மகளுக்குக் கல்யாணம்னு லீவு சொல்லியிருக்குது. ஜலகண்டாபுரத்துல தறிக்காரர்கிட்டச் சேலை நெய்யச் சொல்லியிருந்துச்சு. அத வாங்கிட்டு ஊருக்குப் போகுதுங்க."

அக்காள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஈரப் புல் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. இருபது நாளும் அவன் கோபத்தில் இருந்துவிடவில்லை, சேலைக்குக் காத்திருந்திருக்கிறான். எனக்கு அந்த மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அப்ப நாம ஊருக்குத் திரும்பலாம். அவனே வந்துருவான்" என்றார் என் வீட்டுக்காரர்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "வந்தாச் சரிங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தியும் இப்பிடித்தான் பொங்கலுக்குப் போறேன்னு பொறப்பட்டுப் போச்சு. நாமக்கல் வரைக்கும் போயிட்டு, மனசு வரலேன்னு திரும்பி வந்துருச்சுங்க."

அக்காள் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு எங்களுக்கு முன்னால் நடந்தாள். நாமக்கல் வரை வந்து திரும்பியிருக்கிறான் என்றால் இன்றைக்கும் திரும்பமாட்டான் என்று யார் சொல்வது? நாங்கள் மூவரும் அவளை எட்டிப்பிடிக்க ஓடினோம்.

ஜலகண்டாபுரத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்த ஒரு வீதியில், மேட்டூர்த் தோட்டத்து ஆள் சேலை சொன்ன வீடு எது என்று என் மாமியார் கேட்டுக்கொண்டே போனார். நாலாவது வாசலில் ஒரு பெண் கையைக் காட்டினாள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அக்காள் முதலில் நுழைந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால்.

தறிக்காரர் இரண்டு சேலைகளைப் பிரித்துப் போட்டிருந்தார். ஒன்று அரக்கு. இன்னொன்று மயில்கழுத்து நிறம். அவன் முழங்காலிட்டு அவற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். எழுந்து நின்றான். பாதத்தின் மேல் பாதம் ஏறிக்கொண்டது.

என் மாமியார்கூடப் பேசவில்லை. விஷயம் தெரியாத தறிக்காரர்தான், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "தம்பி, அரக்குதான் பொண்ணுக்கு? மயில்கழுத்து ஆருக்குன்னு சொல்லவே இல்லையே. முந்தி போதுமா பாரு" என்றார்.

அவன் அந்தச் சேலையை இரண்டு கையிலும் எடுத்தான். தறிக்காரருக்குப் பதில் சொல்லுகிறவனைப் போலத்தான் பேசினான், பார்வை மட்டும் அக்காள் காலடியில் இருந்தது.

"எங்கக்காளுக்குங்க. ஒரு தீவாளி பொங்கலுக்குப் பொறந்த ஊட்டுச் சேலைன்னு அவ கட்டுனதில்ல. அவளுக்கு ஆரு இருக்கறாங்க எடுத்துக் குடுக்க? பொறந்த ஊடுன்னா நான் ஒருத்தன்தான்."

அக்காள் கை தானாக நீண்டது. சேலை விளிம்பில் விரல் பட்டது. பட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் பழைய அக்காளின் குரலாக, அதட்டலாக வந்தது.

"பொறந்த ஊட்டுச் சேலைய இப்பிடித்தான் அசலூருத் தறிக்காரர் ஊட்டுல வெச்சுக் குடுப்பாங்களா? நாலு பேரு பாக்கத் தட்டத்துல வெச்சு, நம்மூட்டு வாசல்ல நின்னு என்னயக் கூப்புட்டுக் குடு. அப்ப வாங்கறேன். இப்ப ரெண்டயும் மடிச்சு எடுத்துட்டு முன்னால நட, பஸ்ஸு போயிரும்."

"செரிக்கா" என்றான்.

இரண்டு சேலைகளையும் மடித்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக மடித்தான். தலைப்பாகையை அவிழ்த்து அதில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தான்.